சொளவும் மூன்று சிரட்டையும்

ஜெயபாய்: கிளட்சுல இருந்து இடது காலைப் படக்குன்னு எடுத்துட்டியளே! வண்டி பின்னால உருண்டு ஓடையில விழுந்தாச்சு.

சுவாமிதாஸ்: தரையில கவுத்தி வச்ச மூணு தேங்காச் சிரட்டை என்ன பிள்ளே உருளுகது... அரிசி புடைக்க அந்தச் சொளவை இங்க தா. ஸ்டியரிங் வளையம் இல்லாம நான் எதைப் பிடிக்க?

ஜெயபாய்: இந்தா, பிடிங்க. வளையமும் ஆச்சு, பெஞ்சுதான் டிரைவர் சீட்டு. இன்னைக்கு டிரைவர் பரீட்சையில, பாளையம் ஏத்தத்துல பாதியில வண்டி நின்னு போச்சு. உள்ள நிறைய அரிசிச் சாக்கு. பின்னால ஒரு மாட்டுவண்டி. லாரிக் கம்பெனி மானேஜர் சேஷன் சாரு பக்கத்துல இருந்து உங்களையே பாக்காரு. என்ன செய்விய?

சுவாமிதாஸ்: கர்த்தரேன்னு விளிப்பேன்.

ஜெயபாய்: விளையாடாதிய!

சுவாமிதாஸ்: செரி, செரி... கைபிரேக்கை இழுப்பேன். கிளட்சை மிதிப்பேன். ஒண்ணாம் கியர். பொறவு ஆக்சிலேட்டர்...

ஜெயபாய்: எந்தச் சிரட்டை?

சுவாமிதாஸ்: இது.

ஜெயபாய்: அது பிரேக்கு! வலத்து ஓரத்துல கெடக்கதுல்லா ஆக்சிலேட்டர். நீங்கதானே எனக்குச் சொல்லித் தந்திய?

சுவாமிதாஸ்: சிரட்டை மாறிப் போவுது பிள்ளே. கெட்டின பெண்டாட்டி முன்னாலயே இப்படி மாறினா, சாரு பக்கத்துல இருக்கும்ப என்ன ஆவும்? இத்தனை வருஷமா கிளீனரா தொங்கிட்டுல்லா போறேன். சீட்டுல இருக்க விட்டதை விரல் விட்டு எண்ணலாம். அதும் கரமனை தாண்டி, ஆளில்லாத ரோட்டுல.

ஜெயபாய்: அதுக்குத்தான் நான் கெடந்து கத்துகேன். கிளட்சை மெதுவா விடுங்க... மெதுவா... வண்டி முன்னால உந்துகது தெரிஞ்ச பொறவுதான் கைபிரேக்கை விடணும். ம்... இப்ப கொள்ளாம், சரியா வருது. ஏத்தம் கேறியாச்சு. இனி வலத்துக்குத் திரும்பணும்.

சுவாமிதாஸ்: கையை வெளிய நீட்டுவேன். இன்னா.

ஜெயபாய்: முழுசா நீட்டுங்க. கூட்டத்துக்குள்ள ஒருத்தனுக்கும் தெரியாண்டாமா? செரி... மலை இறக்கம். என்ன செய்விய?

சுவாமிதாஸ்: பிரேக்கை மிதிப்பேன்.

ஜெயபாய்: பிரேக்கை மட்டும் நம்பினா சூடாகிப் பிடிக்காமப் போவும். ஏறின கியர்லயே இறங்கணும். கியரைக் கழத்தவே படாது. மழை பெஞ்சா மண்ணு வழுக்கும், ஓரத்துக்குப் போவப்படாது, கீழ பள்ளம்...

சுவாமிதாஸ்: நில்லு. மலையா? பரீட்சை சாலைச் சந்தையில இருந்து பாளையம் போய்த் திரும்பி வாறதுதானே. இதுல மலை எங்க வந்தது?

ஜெயபாய்: ...சும்மா கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டா என்ன?

சுவாமிதாஸ்: இது உனக்கு ஆரு சொன்னா?

ஜெயபாய்: செல்லபாய். குழாயடியில.

சுவாமிதாஸ்: நம்ம கம்பெனி கிளீனர் ராஜையனுக்க பெண்டாட்டியா? அவகிட்ட நீ எதுக்குப் பேசப் போனே... வேற என்ன சொன்னா?

ஜெயபாய்: என்ன சொல்லுவா. ஒண்ணும் சொல்லல்ல. நீங்க அவிச்ச மரச்சீனிக் கிழங்கைத் தின்னுங்க, ஆறுது.

சுவாமிதாஸ்: வேண்டாம். பொறவு தின்னுகேன்.

ஜெயபாய்: ஒரு துண்டாவது. வெறும் வயித்தோட ஆராவது வண்டி ஓட்டுவாவளா?

சுவாமிதாஸ்: நீ ஏன் இப்படி வெப்ராளப்பட்டுப் பதறுதே? பரீட்சை எனக்கா, உனக்கா? தோத்தா தோத்துட்டுப் போவுது. எப்பவும் போல கிளீனரா இருந்துட்டுப் போறேன்.

ஜெயபாய்: தோக்கப்படாது!

சுவாமிதாஸ்: ...மெல்லப் பேசு பிள்ளே. பக்கத்து வீட்டுல கேக்கும்.

ஜெயபாய்: கேக்கட்டு.

சுவாமிதாஸ்: ஒரு மாசமா இதே பாடு. காலையில எழும்பினா கிளட்ச், சோறு தின்ன இருந்தா கியர். முன்னயெல்லாம் லாரின்னு சொன்னாலே பெட்ரோல் நாத்தம்னு மூக்கைப் பொத்துவே. போதும். நேரமாச்சு, சட்டையை எடு.

ஜெயபாய்: ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை...

சுவாமிதாஸ்: கையை விடு ஜெயா. சட்டையைப் பிடிச்சிட்டு நின்னா நான் எப்படிப் போக? ...இங்க பாரு. அழுகியா நீ?

ஜெயபாய்: புகை. விறகு ஈரம்.

சுவாமிதாஸ்: அடுப்பு அணைஞ்சு எம்புட்டு நேரமாச்சு...

ஜெயபாய்: இந்தா சட்டை. இடுங்க.

சுவாமிதாஸ்: ஜெயா... ஒரு காரியம் நான் உன்னிட்ட சொல்லல்ல. சொல்லணும் சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல்ல.

ஜெயபாய்: சொல்லாண்டாம். போய்ட்டு வாங்க.

சுவாமிதாஸ்: இல்ல, கேளு. கம்பெனியை இங்க பூட்டப் போறாவ. யுத்தத்துல எண்ணையும் கிடைக்கல்ல, ஏத்த சரக்கும் இல்ல. மிச்சம் உள்ள லாரியெல்லாம் அஸ்ஸாமுக்குப் போவுது. அங்க பட்டாளத்துக்கு ரோடு போடுதாவ, நம்ம முதலாளி காண்ட்ராக்ட் எடுத்திருக்காரு. வண்டியோட ஆளும் போணும். சேஷன் சாரு எல்லாரையும் விளிச்சுக் கேட்டாரு. இந்தப் பஞ்சத்துல வேற ஆரு வேலை தருவா... நான் ஒத்துக்கிட்டுக் கையொப்பம் போட்டுட்டேன். இன்னைக்கு ஜெயிச்சாலும் போணும், தோத்தாலும் போணும். நீ என்னமோ நான் டிரைவராகி இங்கயே வண்டி ஓட்டுவேன்னு நெனச்சுக் கெடந்து பாடுபடுதே... அதைப் பாக்க எனக்கு...

ஜெயபாய்: நான் அப்படி நெனைக்கல்ல.

சுவாமிதாஸ்: பின்ன?

ஜெயபாய்: நீங்க கையொப்பம் போட்ட அன்னைக்கே செல்லபாய் குழாயடியில வச்சுச் சொல்லியாச்சு. போன வருஷம் முதல் கூட்டமா அஸ்ஸாமுக்குப் போனாவல்லா, அப்ப ராஜையன் அண்ணனும் இந்தப் பரீட்சையில தோத்துட்டாரு. கையில மண்வெட்டியைக் குடுத்து ரோடு வெட்டக் காட்டுக்குள்ள விட்டாவளாம். காய்ச்சல்ல செத்தாரா, உசிரோட கெடக்காரா, அவளுக்கு இன்னைக்கு வரை ஒரு விவரமும் இல்ல. டிரைவராப் போனவங்கதான் திரும்பி வந்திருக்காவ. நான் வீடு வீடாப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.