மருந்து என்று சொன்னேன்

“குண்டு! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!”

பஸ் முழுவதும் விழுகிறது. சந்தைக் கூடைகள். பள்ளிக்கூடப் பைகள். என் மேல் ஒரு ஆள். அவருடைய முழங்கை என் வயிற்றில். நான் ஆறு மாதக் கர்ப்பிணி. இரண்டு கைகளாலும் வயிற்றை மூடப் பார்க்கிறேன். ஒரு கைதான் வருகிறது. இடது கை யாரோ ஒருவரின் முழங்காலுக்குக் கீழே. அந்தக் கைதான் கத்துகிறது.

கீ என்று ஒரே நீளமான சத்தம். மூச்சு விடாத சத்தம். என் சட்டைக் கைக்குள்ளிருந்து வருகிறது. குண்டு இல்லை. இன்சுலின் பொட்.

“குண்டில்லை! இது என்ரை கையிலை கிடக்கிற மெசின்!” என்று கத்துகிறேன். யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஷெல் விழும்போது வாயைத் திறந்து வைத்தால் காது வெடிக்காது என்று பதுங்கு குழிகளில் படித்த பாடம். பத்து வருடங்களாகச் சண்டை இல்லை. உடம்பு மறக்கவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ். வைகாசி மாதம். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து ஒரு மாதம்தான். எடுத்துப்போன சோதனைச் சாவடிகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. எங்கள் பஸ் நின்றதும் அப்படி ஒரு சாவடிக்கு முன்னால். சாரதி கதவைத் திறந்து குதித்து ஓடினார். சிப்பாய்களின் துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின.

போர் முடிந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை.

அந்தப் பொட் என்னவென்று முதலில் சொல்லவேண்டும். கோழிமுட்டையை நெடுக்காக வெட்டிய பாதி அளவு. வெள்ளை நிறம். தோலில் ஒட்டவேண்டும். உள்ளே இன்சுலின். இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் இறக்கும். மூன்று நாள் வேலை செய்யும். அதன் பிறகு எட்டு மணித்தியாலம் தவணை. பிறகு கத்திவிட்டுச் செத்துவிடும். கழற்றி எறியவேண்டும். புதியது ஒட்டவேண்டும். உள்ளே அடைப்பு வந்தாலும் கத்தும். ஓரத்திலுள்ள சின்னத் துளையில் ஊக்கின் முனையை விட்டு அழுத்தினால் அடங்கும். என் ஊக்கு கைப்பையில் இருந்தது. கைப்பை எத்தனை பேரின் காலுக்குக் கீழே இருந்தது என்று தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயதில் சலரோகம். கிழவர்களுக்கு வருகிற வகை இல்லை. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. ஊசி இல்லாவிட்டால் சாவு. நான் வளர்ந்ததோ பொருளாதாரத் தடையால் மருந்து வராத காலம். பற்றறி வராது. சவர்க்காரம் வராது. மின்சாரம் இல்லை. இன்சுலின் போத்தலைத் துணியில் சுற்றி, கயிறு கட்டி, எங்கள் இணுவில் வீட்டுக் கிணற்றுக்குள் தொங்கவிடுவோம். கிணறுதான் எங்களுடைய குளிர்சாதனப் பெட்டி.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்த அன்றும் அது அங்கேதான் தொங்கியது. மழை. ஒரே வீதியில் முழு வலிகாமப் பகுதியும் நடக்கிறது. செம்மணி தாண்டிய பிறகுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. அண்ணை சைக்கிளைத் திருப்பினார். “நான் எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் நடவுங்கோ” என்றார். அவருக்குப் பத்தொன்பது வயது. போனவர் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளையின் போத்தலில் பாதியைத் தந்தார்கள். அதனால் உயிரோடு இருக்கிறேன்.

ஆகவே இன்சுலினை வீணாக்க எனக்குத் தெரியாது.

கலியாணம் செய்தேன். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனார்கள். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கியதால் என்றார் டொக்டர். ஊசியால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. மூன்றாவது தங்கியபோது இலண்டனிலிருந்து அக்கா சொன்னாள், “இந்த முறை ஊசியை விடு. பொட் அனுப்புறன்.” அக்காவின் மகன் ஆரூரனுக்கும் இதே நோய். அங்கே அவனுக்கு அரசாங்கம் பொட் கொடுக்கிறது. கணக்காகத்தான் கொடுக்கிறது. இங்கே காசு கொடுத்தாலும் இல்லை.

ஆரூரன் என்ன செய்தான் தெரியுமா? ஒவ்வொரு பொட்டையும் கடைசி நிமிடம்வரை போட்டான். அந்த எட்டு மணித்தியாலத் தவணையையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பின் நடுவே அவன் கை கத்தும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படி மிச்சம்பிடித்ததில் ஒன்பது பொட்டுக்கு ஒன்று எனக்கு விழுந்தது. தெரிந்த வீடுகளில் அக்காவும் கேட்டு வாங்கினாள். என் கணவர் குமார் அதைப் பொட் என்று சொல்லமாட்டார். பொட்டு என்பார். “பொட்டு வைச்சாச்சோ?” என்று கேட்டுச் சிரிப்பார். வெயிலில் போனால் என் கையைத் தன் தோளால் மறைத்துக்கொண்டு நடப்பார். சூடு பட்டால் உள்ளேயுள்ள இன்சுலின் கெட்டுவிடும்.

நான் எண்ணெய் வைத்து முழுகுவதை நிறுத்தினேன். எண்ணெய் பட்டால் பசை விடும். வியர்வையிலும் விடும். சுற்றிவரப் பிளாஸ்ரர் ஒட்டினேன். கிணற்றடியில் கையைப் பொலித்தீனால் கட்டிக்கொண்டு குளித்தேன். இடையில் ஒன்று பழுதானால் அதற்குள் மிஞ்சிய இன்சுலினை ஊசியால் உறிஞ்சி எடுத்து அடுத்ததற்குள் விட்டேன். ஊர்ச் சனம் சிரித்தது. பாவற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னது. இவளுக்கு வெளிநாட்டு எடுப்பு என்றது. சொன்னவர்களின் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும்.

சீனி அடங்கியது. ஆறு மாதம். முன்னைய இரண்டும் இந்த மாதத்தைக் காணவில்லை. உள்ளே உதைக்கிறது. பெண் என்று தெரியும்.

அன்று நான் காங்கேசன்துறைக்குப் போனது மிச்சப் பொட்டுகளை எடுக்க. இலண்டனிலிருந்து ஒரு அன்ரி, இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்த தன் காணியைப் பார்க்க வந்திருந்தார். அவரிடம் அக்கா முப்பது கொடுத்துவிட்டிருந்தாள். பிள்ளை பிறக்கும் வரைக்கும் முப்பது. நானும் அக்காவும் தொலைபேசியில் எண்ணி எண்ணிப் பார்த்த கணக்கு. ஒன்றும் பழுதாகாவிட்டால் போதும். வீட்டில் ஒன்று இருந்தது. கையில் ஒன்று.

கையிலிருந்ததுதான் கத்துகிறது.

இறங்கச் சொல்கிறார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம். வெயில். வீதியோரம் வரிசை. சத்தம் என்னிடமிருந்து வருகிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்னைச் சுற்றி வெறும் நிலம். என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள்.

“கழட்டு! கழட்டு! கீழ போடு!”

பிய்த்து எடுக்கிறேன். தோலோடு வருகிறது. இரத்தம். மணலில் வைக்கிறேன். அங்கேயும் கத்துகிறது. என் கைப்பையையும் பொதியையும் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவன் நீளத் தடியால் இழுத்து எடுக்கிறான். பொதிக்குள்ளே முப்பது வெள்ளைப் பொருட்கள். எல்லாம் ஒரே மாதிரி.

இளம் சிப்பாய் ஒருவன். மீசை சரியாக முளைக்கவில்லை. கொஞ்சம் தமிழ் தெரியும். மரியாதையாகத்தான் கேட்டான்.

“அக்கா, இதுக்குள்ள என்ன?”

“மருந்து” என்றேன்.

அவன் முகம் மாறியதைக் கண்டேன். பின்னுக்குப் பாய்ந்தான். தன் மொழியில் ஏதோ கத்தினான். நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் எங்கள் மொழி. மருந்து. மருந்து.

எங்கள் ஊரில் காயத்துக்குக் கட்டுவதும் மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. கிணறு வெட்டும்போது கல் உடைக்க வைப்பதும் மருந்து. குண்டுக்குள் அடைப்பதும் மருந்து. நாங்கள் குழம்பமாட்டோம். அவன் தமிழ் படித்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

“இன்சுலின்! சலரோகம்! சீனி வருத்தம்!” என்று கத்தினேன். தெரிந்த எல்லாச் சொல்லையும் சொன்னேன். ஆங்கிலத்திலும் சொன்னேன். பொதியைத் தூரக் கொண்டுபோய் மணல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். கைப்பையும் கத்துகிற பொட்டும் அதனோடு. கைப்பைக்குள்தான் என் ஊசியும் அவசரத்துக்கு வைத்திருந்த இன்சுலினும்.

அப்போதுதான் வரிசையில் இராசரத்தினத்தைக் கண்டேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வேலி. புகையிலைத் தோட்டம் செய்கிறவர். “குண்டு” என்று கத்திய குரல் யாருடையது என்று அந்த இடத்தில்தான் பிடிபட்டது. அவருடையது.

கத்தியதை நான் குற்றம் சொல்லவில்லை. அவருடைய மனைவி ஷெல்லில் போனவர். ஒரு சத்தம் கேட்டால் அவர் விழுவார். நானும் விழுவேன். ஆனால் அவருக்கு என்னைத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும். அந்தக் கிணற்றுக்குள் தொங்கிய போத்தலைத் தெரியும். ஒரு வசனம் போதும். இது எங்கடை அயல் பிள்ளை, சலரோகக்காரி என்று.

“இராசண்ணை, சொல்லுங்கோ! நீங்கள் சொல்லுங்கோ!”

கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

குண்டு செயலிழக்கச் செய்கிறவர்கள் வரவேண்டும் என்றார்கள். மதியம் போனது. என்னை ஒரு தகரக் கொட்டகையில் இருத்தினார்கள். குமாருக்குச் சொல்ல விடவில்லை. தொலைபேசியும் கைப்பைக்குள். பொட் கத்தியது அடைப்பினால். அப்படியென்றால் காலையிலிருந்தே எனக்கு இன்சுலின் சரியாக இறங்கியிருக்காது. நாக்கு வரள்கிறது. வாயில் பழப்புளிப்பு மணம். அது என்னவென்று எனக்குத் தெரியும். இரத்தம் புளிக்கத் தொடங்கிவிட்டது. தரையில் சத்தி எடுத்தேன். அந்த இளம் சிப்பாய் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். “ஆஸ்பத்திரி” என்றேன். தலையாட்டினான். யாரிடமோ போய்க் கேட்டான். யாரோ அவனை ஏசினார்கள். அவன் பிறகு என் பக்கம் வரவில்லை.

வெளியே அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. மணல் மூட்டைகளுக்குள்ளிருந்து. தனியாக.

“விலகு! எல்லாம் விலகு!”

பிறகு வெடி. வந்தவர்கள் பொதிக்கு வைத்த ஒரே ஒரு வெடி. ஷெல் மாதிரி ஊதிக்கொண்டு வரவில்லை. வெறும் டும். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு பொட்டின் சத்தம் இல்லை. பஸ்ஸில் வந்த சனம் “அப்பாடா” என்றது. எனக்குக் கேட்டது. அப்பாடா என்றார்கள். பிறகு பஸ் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு அதிகாரி வந்தார். கருகிய துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்தார். என்னைப் பார்த்தார். தங்கள் வாகனத்திலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல் எந்த மொழியிலும் வரவில்லை.

சீனி ஐந்நூறைத் தாண்டியிருந்தது. சேலைன் ஏற்றினார்கள். இன்சுலின் ஏற்றினார்கள். குமார் வந்தார். சட்டை முழுக்கக் கிறீஸ். வேலையிலிருந்து ஓடி வந்திருந்தார். என் கையைப் பார்த்தார். பொட்டு இருந்த இடத்தில் பச்சைப் புண். தாதி வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் துடிப்பைத் தேடினாள். இடம் மாற்றித் தேடினாள். பெரிய டொக்டரைக் கூப்பிட்டாள்.

விழுந்ததாலா, சீனியாலா என்று கேட்டேன்.

“சொல்ல ஏலாது, அம்மா” என்றார் டொக்டர்.

நான் சொல்வேன். மணல் மூட்டைக்கு நடுவில் இருந்த கைப்பையால். வீதியைப் பார்த்த இரண்டு கண்களால்.

வீட்டுக்கு வந்த கிழமை இராசரத்தினம் வந்தார். கையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை. சலரோகக்காரிக்கு மாம்பழம். வாசலில் நின்றார்.

“பிள்ளை, நான் பயந்திட்டன். தெரியும் எண்டு சொன்னா என்னையும் சேத்துக் கொண்டு போயிருப்பாங்கள். உமக்குத் தெரியாததே?”

“ஓம். தெரியும்.”

“மனசிலை வைச்சிராதையும்.”

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களைப் போ என்று சொல்லமாட்டோம். போட்டு வாங்கோ என்போம். பகைவனுக்கும் அப்படித்தான் சொல்வோம். சாவீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் போவது வழக்கம்.

“போங்கோ” என்றேன்.

அவர் பையை வாசற்படியில் வைத்தார். பிறகு போனார். பழப் பையை வேலிக்கு மேலால் அவர் பக்கம் எறிந்தேன்.

அக்காவுக்கு நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆரூரன் தொலைபேசியை வாங்கினான். அவனுக்குத் தமிழ் அரைகுறை. “சித்தி, நான் திரும்பச் சேர்க்கிறேன்” என்றான். வேண்டாம் ராசா என்றேன். உன் பொட்டை நீ நேரத்துக்கு மாற்று என்றேன்.

அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. நாலு வரி. வீதிச் சோதனையில் சந்தேகத்துக்கிடமான பொதி ஒன்று மீட்கப்பட்டுப் பாதுகாப்பாக அழிக்கப்பட்டதாம். எவருக்கும் எவ்விதப் பாதிப்பும் இல்லையாம்.

பாதிப்பு இது.

பொட்டுகள் முப்பத்தொன்று. கையிலிருந்து பிய்த்ததையும் சேர்த்து.

ஆரூரன் வகுப்பில் சிரிப்பு வாங்கிச் சேர்த்த மணித்தியாலங்கள். அவற்றை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அண்ணை ஒருவர். ஒரு போத்தல் இன்சுலினுக்காக.

பிள்ளைகள் மூவர். முதல் இருவரும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள் என்பீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் போனது இங்கே இல்லாத மருந்தால். மூன்றாமவள் போனது மருந்து என்ற ஒரு சொல்லால்.

அவளைக் குமார் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றரை இறாத்தல் இருந்தாள். விரல்களில் நகம் முளைத்திருந்தது.