மொட்டு யாருது

— எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னே சந்தேகமா இருக்குங்க. நேத்து மயக்கம் தெளியுறப்ப அந்த நர்ஸ் ஒன்பது முட்டை எடுத்தோம்னு சொன்னாங்களா, பதினொண்ணுன்னு சொன்னாங்களா?

— எத்தனையா இருந்தா என்ன ஷர்மி. நல்லபடியா எடுத்தாச்சுலா. கொஞ்சம் படு.

— படுத்தா தூங்கிருவேன். ஃபோன் அடிக்கிறது கேக்காது.

— தலைமாட்டுலதான வச்சிருக்க.

— நீங்க ஏன் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருக்கீங்க? ஊசி குத்துன எடம் வலிக்கலியா?

— உக்காந்தாதான் வலிக்குது.

— சாம்பிள்ல விந்தணு இல்லன்னா பரவால்ல, விரையிலருந்து நேரா ஊசியில எடுத்துக்கலாம்னு டாக்டர் சொன்னப்ப உங்க முகமே வெளுத்துப் போச்சு. ஓடிருவீங்கன்னுதான் நெனைச்சேன். படுத்தீங்களே. அது போதும் எனக்கு.

— ம்.

— அந்த லேப் பொண்ணு, மிஸ் லிம், அது சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. முட்டைய ஒரு பக்கம் கண்ணாடிக் குழாய் வச்சுப் பிடிச்சுக்குவாங்களாம். இந்தப் பக்கம் தலைமுடிய விட மெல்லிசா ஒரு ஊசி. அதுக்குள்ள ஒரே ஒரு விந்தணு. ஓடாம இருக்க வால லேசா அமுக்கிட்டு, அப்படியே முட்டைக்குள்ள விட்டுருவாங்களாம்.

— பாவம்லா. வாலையும் அமுக்கி.

— அத்தனையில எந்த ஒண்ணுன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். பாக்க நல்லா இருக்கிறத எடுப்போம்னு சொல்லுச்சு. எங்கம்மாவும் உங்கள அப்படித்தான் எடுத்தாங்கன்னு சொன்னேன். அதுக்கு ஒரே சிரிப்பு.

— உங்கம்மாவுக்கு அன்னிக்குக் கண்ணாடி இல்ல.

— எத்தன முட்டை கருவாச்சுன்னு காலையில ஃபோன் பண்ணிச் சொல்லுவாங்கல்ல? ஏன் இன்னும் காணோம்? நானே கூப்பிடவா?

— வேணாம். நீ சாப்பிடலியே. கடையில இடியப்பம் தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வாரேன்.

— இப்பத்தான ரொட்டி வாங்கிட்டு வந்தீங்க. அப்படியே கெடக்கு. உக்காருங்க. இந்தத் தடவ இல்லன்னா இன்னொரு தடவைக்கு என் ஒடம்புல தெம்பு இல்லங்க. சொல்லிட்டேன்.

— தண்ணி கொண்டாரேன், இரு.

— வேணாம். இன்னொண்ணு கேக்கணும். மாமா போன வாரம் ஏன் பாதிச் சோத்துல எந்திரிச்சு சுங்காய்க்கு, அண்ணி வீட்டுக்குப் போனாரு?

— அப்பாவுக்கு டவுன்ல தூக்கம் வராது. அக்கா வீட்டுலன்னா சுத்தி செம்பனை, காத்து வரும்.

— தினேஸ்வரி அண்ணி மெசேஜ் அனுப்பியிருக்காங்க. நீங்க அவருகிட்ட இத ஒட்டுன்னு சொன்னீங்களாமே.

— எப்படிப் பண்ணுவாங்கன்னு கேட்டாருலா. வேற என்னன்னு சொல்றது? ரப்பர் தோட்டத்துல அவரு கித்தா கன்னுக்கு ஒட்டுக் கட்டுனவரு. பட்டையக் கீறி, உள்ள மொட்ட வச்சு, துணி சுத்திக் கட்டுறது. புரியட்டுமேன்னு, ஒட்டு மாதிரிதான்பா, கத்திக்குப் பதிலா ஊசின்னு சொன்னேன்.

— ஒட்டுல வைக்கிற மொட்டு வேற மரத்துதாமே. அண்ணி சொன்னாங்க.

— சொன்ன பொறவுதான் எனக்கே ஒறைச்சுச்சு. மொட்டு யாருதுடான்னு கேட்டாரு.

— நீங்க?

— சிரிச்சேன்.

— சிரிச்சீங்க. வேற ஆளு புள்ளைக்கு எங்க குலசாமி பேரு எதுக்குன்னு அங்க சொல்லிக்கிட்டு இருக்காராம். என்னப் பத்தி அவரு என்ன நெனைப்பாரு? நம்ம புள்ள நாளைக்கு அவரு மடியில எப்படி உக்காரும்?

— நான் அப்புறம் பேசிக்கிறேன்.

— இப்பப் பேசுங்க. கிளினிக்லருந்து ஃபோன் வர்றதுக்குள்ள இது ஒண்ணாவது முடியட்டும். உங்க ஃபோனக் குடுங்க, மாமாவுக்குப் போடுறேன். அடிக்குது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— ஷர்மி, வையி அத.

— யாரு, மகேந்திரனா?

— மாமா, நான் ஷர்மினி. இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— சொல்லச் சொல்லு தாயி.

— அப்பா. சாப்டீங்களா?

— அதக் கேக்கவா கூப்பிட்ட? அன்னிக்கு நான் கேட்டது அப்படியே நிக்குது. உன் மரத்து மொட்டா, வேற மரத்து மொட்டா? எதுவா இருந்தாலும் சொல்லிரு. தெரியாமச் சுத்துறதுதான் மண்டையக் கொடையுது.

— சொல்லுங்க. இத நான் சொன்னா நல்லா இருக்காது. உங்க வாயால சொல்லுங்க.

— டேய் மகேந்திரா.

— ரெண்டும் இல்லப்பா.

— வெளங்கலடா.

— நேத்து ரெண்டு பக்கமும் ஊசி விட்டுப் பாத்தாங்க. அந்த லேப் பொண்ணு மைக்ராஸ்கோப்ப விட்டு எந்திரிக்கவே இல்ல. தேடிக்கிட்டே இருந்துச்சு. என்கிட்ட ஒண்ணுகூட இல்லப்பா.

— மருமவ பக்கத்துலயா இருக்கு?

— இருக்கா.

— அதுக்குத் தெரியுமா?

— இப்பத்தான் அவ காதுல விழுது.

— ஃபோன வையிடா. அதப் பாரு மொதல்ல. நான் பஸ்ஸப் புடிச்சு வாரேன்.

— ஷர்மி.

— டாக்டர் ஏன் என்கிட்டச் சொல்லல?

— சொல்லத்தான் வந்தாரு. வீட்ல நான் சொல்லிக்கிறேன்னு கையப் புடிச்சுக் கேட்டேன். நீ கண்ணு முழிச்சதும் முடிஞ்சிருச்சான்னு கேட்ட. முடிஞ்சிருச்சுன்னு மட்டும் சொன்னேன். கார்ல சொல்லலாம்னு இருந்தேன். நீ தோள்ல சாஞ்சு தூங்கிட்ட.

— அப்ப முட்டைக்குள்ள என்னதான் வச்சாங்க?

— எதுவும் வைக்கல. எல்லாத்தையும் அப்படியே உறைய வச்சுட்டாங்க, பத்திரமா இருக்கு. ஃபோன் வராது, ஷர்மி.