திரும்பிப் பார்க்காதே, டெல்மர்

—திரும்பாதேன்னு எத்தனை தடவை சொல்றது, டெல்மர்? அசைஞ்சா படத்துல கால் கோணலா விழும்.

—அது ஏற்கெனவே கோணல்தான், முதலாளியம்மா. முப்பது வருசம் குதிரை மேலயே கிடந்த காலு. நடுவுல ஒரு கன்னுக்குட்டி ஓடலாம்.

—அதான் ஒரே இழுப்புல முடிச்சிட்டேன். உன் மூக்குக்குத்தான் மூணு தடவை மை தொட வேண்டியதாப் போச்சு.

—ஐயையோ, நிப்பைக் காப்பியில முக்குறீங்க!

—உன் குதிரை பிஸ்கட்டும் பழுப்புதானே, பொருத்தமாத்தான் இருக்கும். வாயை மூடிட்டு நில்லு.

—சீக்கிரம் முடிங்க. கணவாய்ல பனி விழுறதுக்குள்ள மொன்டானா எல்லையைத் தாண்டணும். புதுப் பண்ணையில நாளைக்கு வந்துடறேன்னு சொல்லிட்டேன்.

—அங்க யாரு உனக்கு பீன்ஸ் வேக வைப்பா?

—யாரோ ஒருத்தர். கருகாமலாவது இருக்கும்.

—கொழுப்புதான் உனக்கு! பதினோரு வருசமா தட்டை வழிச்சு வழிச்சுத் தின்னவன் பேசுற பேச்சா இது?

—மாட்டையெல்லாம் லாரியில ஏத்தின அன்னைக்குக் கேட்டேனே, ‘வெல்டா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா’ன்னு. நீங்க வேலிக்கம்பி அறுந்து போனதைப் பத்திப் பேசினீங்க. மூணு வாரம் ஆச்சு. மனசு விட்டுப் போச்சுங்க, அதான் கிளம்புறேன்.

—பட்டுன்னு பதில் சொல்ற வாய் எனக்கு இல்லைப்பா. எதுவா இருந்தாலும் கைதான் பேசும். இந்தா, முடிஞ்சுது. அங்கேயே நின்னு பாரு.

—அடேங்கப்பா! பாதி மை தொப்பிக்கே போயிருச்சு போல. பிஸ்கட் வாலு மொத்தமே ஆறு கோடு, ஆனா ஈ விரட்டுது பாருங்க! ஆமா, எனக்குப் பின்னாடி கொட்டகைச் சுவத்துல ரெண்டு சேணம் தொங்குதே? ஒண்ணு உங்களுது. பக்கத்துல?

—முன்னாடி பிடிக்கிற கொம்பு தேஞ்ச சேணம் வேற யாருகிட்ட இருக்கு? உன்னுதுதான்.

—அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க! வேலையை விட்டுப் போறவன் சொந்தச் சேணத்தை வச்சிட்டா போவான்? விடியறதுக்குள்ளேயே வண்டியில ஏத்திட்டேன். அதுவும் போயி உங்க அப்பாவோட முளையில மாட்டி வரைஞ்சிருக்கீங்க. அது வீட்டு ஆளுங்க முளை. எங்களுதெல்லாம் எதிர்ச்சுவத்துல.

—கண்ணால பார்க்காத எதையாவது நான் வரைஞ்சிருக்கேனாடா?

—எங்க! போன தடவை வரைஞ்சப்போ என் வழுக்கையைக்கூட விட்டு வைக்கலையே.

—அப்போ இப்பத் திரும்பிப் பாரு. நீ காலையில காப்பி குடிச்சிட்டிருந்தப்போ அதைத் தூக்கிட்டு வந்து அங்க மாட்டுறதுக்குள்ள என் முதுகே போச்சு.