புல்லுக்குள் கைதட்டல்

எனக்குத் தீ என்றால் பயம். முப்பது வருஷமாகப் புல்லுக்குத் தீ வைத்தே சம்பளம் வாங்கியவள் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பயமில்லாதவர் கையில் தீப்பந்தத்தைக் கொடுக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே அதுதான்.

ஆற்றங்கரையில் பழைய ரயில் கிடங்கு இருந்த இடம் அது. அயோவாவில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற புல்லையும் பூவையும் நகரத்தின் நடுவே மறுபடி வளர்த்தோம். ஆர்டிஸ் ஹோல்ம்கிரன் என்று என் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது, புல்லுக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புல் ஆளுயரத்தைத் தாண்டி வளரும். வசந்தத்தின் தொடக்கத்தில் காய்ந்து நிற்பதைக் கொளுத்திவிட வேண்டும். இல்லையென்றால் மரக்கன்றும் களையும் ஏறி அதை அமுக்கிவிடும். வேர் ஆழத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. மே மாதம் பார்த்தால் தரையே தெரியாது.

பெய்ஜ் கோவால்சிக் அந்தத் தோட்டத்துக்கு மேலாளராக வந்த நாளிலிருந்து எனக்குப் பயம். தோட்டத்தில் பாதியை அழித்துக் கச்சேரி மேடை போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மோசமான பெண் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுதான் இருக்கும். குளிரில் எல்லோருக்கும் சூப் வாங்கிக்கொண்டு வருவாள்.

தீ வைக்கிற அன்று காலையில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஆர்டிஸ், நல்ல சேதி. மேடை இங்க வரல. கூட்டத்துல சண்ட போட்டு நிறுத்திட்டேன். ஒரு செடியக்கூடத் தொட மாட்டாங்க."

சந்தோஷம் என்றேன்.

"இன்னொண்ணு. எத்தன வருஷம்தான் நீங்க இந்தப் புகையத் திம்பீங்க? போன தடவ என்னா இருமல் இருமுனீங்க! அடுத்த வருஷத்துலேருந்து பந்தத்த நான் புடிக்கிறேன். நீங்க நாற்காலி போட்டு உக்காந்து என்னத் திட்டிட்டே இருங்க, போதும்."

சேர்ந்து சிரித்தோம். பயம் என்னை முழுசாகப் பிடித்தது அப்போதுதான். தோட்டத்துக்காகத்தான் பயந்தேன், இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். காற்றைப் பார்க்கத் தெரியாதவள் கையில் தீ போனால் அந்தப் புல்லின் கதி என்ன?

பயிற்சி வகுப்பன்று அவளுக்கு வேறு வேலை இருந்ததால் அவள் வந்திருக்கவில்லை. அதனால் என்னிடமே கேட்டாள். "நான் உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்?"

நியாயமான கேள்வி. பதில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கறுப்புக்குப் போ. ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலத்தில் தீக்குத் தின்ன ஒன்றும் கிடையாது. கால் சுடும், உயிர் மிஞ்சும். காற்றோடு வரும் தீயை ஓடி ஜெயித்தவர் யாருமில்லை.

"தீக்கு முதுகக் காட்டிட்டு ஆத்தப் பாத்து ஓடு. திரும்பிப் பாக்காத," என்றேன்.

கிழக்கே ஆற்றோரத்தையும் தெற்கு விளிம்பையும் முதலில் எரித்துக் கறுப்பாக்கினோம். மேற்கிலிருந்து பெரிய தீ வைப்பதற்கு முன்னால் ஒருவர் புல்லுக்குள் கைதட்டிக்கொண்டே நடப்பார். முயலும் பாம்பும் பறவையும் ஓடித் தப்பட்டும் என்று அப்படி ஒரு வழக்கம். அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தேன். குழந்தை மாதிரிக் கிளம்பினாள்.

தண்ணீர் வண்டியில் டெல்பர்ட் இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், சும்மா உதவிக்கு வருகிறவர். "தோட்டம்னு சொல்லி வைக்கப்போர வளத்து, அதையும் கொளுத்துறீங்களேன்னு எம் பொண்டாட்டி கேக்குறா பாஸ்," என்று வருஷாவருஷம் சொல்லும் அதே கிண்டலைச் சொன்னார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று நான் குரல் கொடுத்தேன். அவரவர் பதில் சொன்னார்கள்.

"பெய்ஜ் வந்துட்டாளா பாஸ்?"

"வந்துட்டா."

என் வார்த்தையை அவர் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? பந்தத்தைச் சாய்த்துப் புல்லோரமாக நடந்தேன். காற்று நன்றாக இருந்தது.

டெல்பர்ட் காதில் வண்டியின் இரைச்சல், மற்றவர்கள் எட்ட நின்றார்கள். எனக்குக் கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. நிதானமாகத் தட்டினாள், நடுவில் "ஓடுங்கடா குட்டிகளா" என்று முயல்களைக் கொஞ்சினாள். பிறகு சத்தம் நின்றது. புகையைப் பார்த்திருப்பாள். அதற்கப்புறம் புல் முறியும் சத்தம், வேகமாக, கிழக்கே. நான் சொன்னபடியே ஓடினாள். கறுத்த நிலம் அவளுக்கு வலப்பக்கம் சில எட்டில்தான் இருந்தது. உள்ளே நிற்பவருக்குப் புல்லைத் தவிர எதுவும் தெரியாது. தீ என்னைவிட்டு விலகிப் போகப் போகச் சத்தம் கூடியது. அவள் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள்.

காற்றுத் திசை மாறியதால் நடந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் டெல்பர்ட் சாப்பிடுவதில்லையாம். "ரெண்டாந்தரம் கேட்டிருக்கணும், நான் கேக்கல," என்று என் வாசலில் உட்கார்ந்து அழுதார். செய்யாத தப்புக்கு ஒரு நல்ல மனிதர் இப்படிச் சாவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். பொய் சொல்லி அவளை உள்ளே விட்டதும் நான்தான், தீ வைத்ததும் நான்தான்.

ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். நான் அவளைக் காப்பாற்றப் பார்க்கவே இல்லை என்று போடாதீர்கள். "பெய்ஜ், வலப்பக்கம் வா" என்று நான் கூப்பிட்டேன். பாவம், ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறாளே என்று மெதுவாகத்தான் கூப்பிட்டேன்.