எண்ணெய் மில்லின் இடிதாங்கி

மாலை ஆறு மணி இருக்கும். ஐம்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற கடலோரச் சாலை... ஈ காக்கை இல்லை. என் தோஸ்து யேசுதாஸின் அக்கா புருஷன் ஜேக்கப் சைக்கிள் மிதிக்கிறான். பின்னால் கேரியரில் உதவியாள் திருமலை. யாரப்பா அங்கே சிரிக்கிறது? பேய் இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

அந்தச் சாலையில் ஓர் எண்ணெய் மில். அதன் புகைபோக்கி உச்சியில் இடிதாங்கி. அதிலிருந்து ஒரு செப்புப் பட்டை சுவரோடு இறங்கி, கரியும் உப்பும் கொட்டிய குழிக்குள் போகும். இடி விழுந்தால் அந்த வழியாக மண்ணுக்குள் போய்விடும், மில் பிழைக்கும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் குழியருகே பட்டையைக் கழற்றிக் களிம்பைச் சுரண்டி, மறுபடி போல்ட் போட்டு முடுக்க வேண்டும். முடுக்கியதும் கீழே இருப்பவன் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவான். அது கேட்ட பிறகுதான் கம்பியைச் சரிபார்க்க மேலே ஏறியிருப்பவன் பட்டையைத் தொடலாம்.

போன வருஷம் கீழே இருந்தவர் ஜேக்கப்பின் மூத்த கூட்டாளி எத்திராஜ். ஜேக்கப் மேலே. திடீரென்று மேகம் கவிந்தது. போல்ட் கை நழுவிக் கரிக்குள் விழுந்துவிட்டது. தேட நேரமில்லை. மேலே இருக்கிற பையன் போய்விடுவானே என்று, பட்டையின் இரண்டு முனைகளையும் சேர்த்து வெறுங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார் மனுஷன். இடி இறங்கியது. ஜேக்கப்புக்கு ஒரு கீறல் இல்லை. செத்துப்போன எத்திராஜின் விரல்களைத்தான் பட்டையிலிருந்து பிரிக்க முடியவில்லை... 

"இந்தத் தபா நீ போவாதய்யா, உன் கால்ல வுழறேன்" என்று அவன் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ் அழுதாள். அவளுக்கு நிறைமாதம். ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது, மில்லில் பீப்பாய் பீப்பாயாக எண்ணெய். "மழைக்கு முன்ன வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான் ஜேக்கப்.

உச்சியில் சாய்ந்திருந்த கம்பியை நிமிர்த்தி முடித்தபோது எண்ணூர்ப் பக்கம் உறுமியது. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. "திருமலை! போல்ட்டு போட்டியாடா?" என்று கத்தினான் ஜேக்கப்.  அப்போது கீழேயிருந்து...

டிங். டிங்.

அப்பாடா என்று பட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டான். வானம் வெள்ளையாக வெடித்தது. நாக்கில் துருவின் ருசி, மூக்கில் மயிர் கருகிய நாற்றம். உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தரைக்கு வந்து சேர்ந்தான்.

குழியருகே யாரும் இல்லை. பட்டையின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் போல்ட் இல்லை.

முதல் உறுமலுக்கே கேட் பக்கம் ஓடிப்போயிருந்த திருமலை அப்போதுதான் திரும்பி ஓடிவந்தான். "அண்ணாத்தே, பயந்து ஓடிட்டேன்... போல்ட்டு என் கைலயே கீது. வா, போய்ர்லாம்!" என்று ஜேக்கப்பின் கையைப் பிடித்து இழுத்தான்.

குழிக்குள்ளிருந்து ஒரு குரல். பாரம் தாங்குகிறவன் மூச்சை அடக்கிக்கொண்டு பேசுவதைப் போல.

"ஜேக்கப்பு... எறங்கிட்டியா?"

இருவருக்குமே கேட்டது.  ஜேக்கப்புக்குப் பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"எறங்கிட்டேண்ணாத்தே. நீ வுட்டுடு. போதும்."

முதல் மழைத்துளிகள் சூடான கரியில் விழுந்தன. ஸ்ஸ்... ஸ்ஸ்...

"பொய் சொல்லாதடா. நீ இன்னும் மேலதான் நின்னுகினு கீற."

ஜேக்கப் நிமிரவில்லை. திருமலை நிமிர்ந்தான். ஒரு மின்னல் வெட்டியது. புகைபோக்கி உச்சிவரைக்கும் பளிச்சென்று தெரிந்தது.

பட்டையைப் பிடித்தபடி மேலே நிற்கும் ஆளைத் திருமலை பார்த்தான். பிறகு, தான் பிடித்திருந்த ஜேக்கப்பின் கையை மெதுவாக விட்டான்.