ஐந்தாம் படியில் ஒரு வகுத்தல்

செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட எனக்குத் தெரியும் என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி உங்களிடம் சொல்லியிருப்பாள். கொஞ்சம் மிகை. வெள்ளிக்கிழமைகளில் நான் கவனிப்பதில்லை. அன்று எல்லார் வீட்டிலும் சாம்பார், தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

பல்கலைக்கழக விசாரணைக் குழுவிலிருந்து வந்த நீங்கள், ஸ்ரீமதி விஷயமாகத் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவள் நான். படிப்படியாகத்தான் எழுத வரும்.

ஸ்ரீமதி எதிர்வீட்டுப் பெண், என் பழைய மாணவி. அப்பா பழனிவேல் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சிதம்பரத்தில் கணிதத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்தே "எம் பொண்ணு டாக்டரு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு இரண்டு பேர் வந்து திரும்பிப் போனதை நானே பார்த்தேன். பெண்ணுக்குக் காலை ஆறு நாற்பது பஸ். டப்பாவில் இரண்டு சப்பாத்தி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை. ஜன்னல் என்று ஒன்று இருக்கும்போது இதெல்லாம் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்?

ஆறு வருடம் கழித்து, ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு அவளே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், பைண்டிங் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக் குடுங்க. கைடு சார் பொரட்டிக்கூடப் பாக்கல."

நான்கு நாள் வைத்திருந்து முழுவதும் படித்தேன். புரியாதா என்று நீங்கள் நினைக்க வேண்டாம். ஒரு வகைப் பின்னங்களுக்கு ஒரு பண்பு உண்டு என்று நிரூபித்திருந்தாள். நிரூபித்த வழி பழையது. அந்தப் பண்பு இல்லாத பின்னங்களும் இருப்பதாக வைத்துக்கொள்வது, அவற்றுள் மிகச் சிறியதை எடுப்பது, அதைவிடச் சிறியதும் ஒன்று இருந்தாக வேண்டும் என்று காட்டி மடக்குவது. எண்பத்து மூன்றாம் பக்கம், ஏழாம் வரி: "இவற்றுள் மிகச் சிறியதை எடுத்துக்கொள்வோம்."

முழு எண்களில் அப்படி எடுக்கலாம். பின்னங்களில் மிகச் சிறியது என்று ஒன்று இருக்கிறதா? பாதியைச் சொன்னால் கால் இருக்கிறது, காலைச் சொன்னால் அரைக்கால். இல்லாத ஆளுக்கு இலை போட்டுவிட்டுப் பரிமாறிக்கொண்டே போயிருந்தாள். வெளிநாட்டுப் பரிசோதகர் இருவரும் பிறகு இதைப் படித்துப் பிரமாதம் என்று எழுதினார்கள். அவர்களும் கைடும் ஒரே ரகம்.

அவளிடம் நான் சொன்னது: "நல்லா வந்திருக்கு. பைண்டிங்குக்குக் குடு." அது பொய்யில்லை. நன்றாகத்தான் வந்திருந்தது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்பதில்லை என்பது வழக்கம். ஒப்புக்கு ஒரு ஜூனியர், முன்னாடியே பேசிவைத்த கேள்வியைக் கேட்பான். அப்புறம் கைதட்டல், கேசரி, மிக்சர். பழனிவேல் தெருவுக்கே வேன் சொல்லியிருந்தார். பட்டம் கைக்கு வந்தால் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உத்தியோகம். ஜூன் முடிய அவளுக்காக இடத்தை வைத்திருந்தார்கள்.

"டீச்சரம்மா, நீங்க முன்சீட்டு" என்றார் பழனிவேல்.

"என்ன டீச்சர், பட்டுப்பொடவ பலமா இருக்கு? உங்களப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றாள் புஷ்பவள்ளி. வேனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அரங்கில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். ஜூனியர் கேட்டான், அவள் சொன்னாள். "வேற யாராவது?" என்றார் கைடு விஜயகுமார், கேசரி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே.

நான் எழுந்தேன். "எண்பத்து மூணாம் பக்கம், ஏழாம் வரி. மிகச் சிறியதுன்னு ஒண்ணு இருக்குங்கறதுக்கு என்னம்மா உத்தரவாதம்?"

கேள்வியில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. வைவா நடத்த வந்திருந்த பரிசோதகர் பக்கத்தைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். ஸ்ரீமதி கரும்பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்கதான..." என்றாள். கையில் சாக்பீஸோடு பதினைந்து நிமிடம் நின்றாள். அவளுக்கு வேண்டியது இரண்டே வரி. அவளுடைய பின்னங்களின் கீழ் எண் ஒரு எல்லைக்கு மேல் போகாது. ஆகவே சிறியதாகிக்கொண்டே போக முடியாது, எங்காவது நின்றே ஆக வேண்டும். படித்த அன்றைக்கே நான் எழுதி வைத்துவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை.

சரிசெய்து கொண்டு வரச் சொன்னார்கள், ஜூன் முடிவதற்குள். திரும்பும்போது வேனில் பிரிக்காத கேசரி டப்பாக்கள் மடிமடியாக வந்தன.

மூன்றாம் நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்தாள் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள்.

"நீங்க கேட்டது சரிதான் டீச்சர். எனக்குத்தான் தோணல. அந்த ஓட்டைய எப்படி அடைக்கறதுன்னு சொல்லுங்க."

இங்கேதான் நீங்கள் தேடி வந்தது இருக்கிறது. அந்த இரண்டு வரியை நான் கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து வரச் சொல்லி, ஏழு படியில் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். அவளுடைய தேற்றமே பொய் என்று காட்டும் கணக்கு. ஐந்தாம் படியில் இரு பக்கத்தையும் ஒரே கோவையால் வகுத்திருந்தேன். அந்தக் கோவையின் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கலாம் என்றால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம், என்னை மகாராணி என்றுகூட. அது பூஜ்யம் என்று தெரியாதபடி ஒளித்துவைக்க மூன்று நாள் பிடித்தது. சரியான கணக்கு எழுதுவதைவிட இது கஷ்டம். இதை யாரும் பாராட்டுவதில்லை.

ஏழாம் வகுப்பில் அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்த அன்று, பலகையில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது இந்தப் பெண் கை தூக்கினாள். "டீச்சர், நீங்க பூஜ்யத்தால வகுத்திருக்கீங்க." அதிகாரி சிரித்தார். வகுப்பு சிரித்தது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய தலைமை ஆசிரியை பதவி வரவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் பார்த்தவள் முப்பத்தொன்றில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "ஒரு தடவ நீயே சரிபாத்துக்கம்மா" என்றுகூடச் சொன்னேன்.

"நீங்க பாத்ததுக்கு மேல நான் என்னத்தப் பாக்கறது?" என்றாள்.

அடுத்த வாரம் என் தாளையும் இணைத்து, ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாள். கைடு அதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கல்லூரி இடம் வேறு ஒருத்திக்குப் போனது. பழனிவேல் டாக்டர் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். அவள் இப்போது எதையும் நம்புவதில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி போய்ப் பார்க்கிறாள். கதவைப் பூட்டி இழுத்துப் பார்க்கிறாள், பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்து இழுக்கிறாள். நேற்று பதினோரு தடவை. போன மாதம் எட்டுதான்.

இரண்டு வருடம் கழித்துத் துறையில் புதிதாகச் சேர்ந்த மோனிகா என்ற பெண், பழைய கோப்பில் என் ஏழு படிகளைப் பார்த்து, ஐந்தாவதைப் பென்சிலால் வட்டமிட்டாளாம். அந்தத் தாளைக் காட்டி நீங்கள் கேட்டபோது ஸ்ரீமதி, "டீச்சரு தெரியாம எழுதியிருப்பாங்க சார், அவுங்களுக்கு வயசாயிடுச்சு" என்றாளாம்.

"ஆமான்னு சொல்லிட்டுப் போங்களேன். தல தப்பிச்சுது" என்றாள் புஷ்பவள்ளி. நல்ல யோசனைதான். ஆமாம் என்றால் விஷயம் முடிந்தது. வயதான ஒருத்தி, பாவம், கணக்குத் தப்பிவிட்டது.

தெரியாமல் இல்லை. தெரிந்தே எழுதினேன். அவளுடைய தேற்றம் சரி. நிரூபணத்தின் ஓட்டையை அடைக்கும் இரண்டு வரி என்னிடம் இருந்தது. இல்லாத பிழையைச் செய்து, அவள் கையில் கொடுத்து, அவள் ஆறு வருடத்தை அவளே தூக்கிப்போடும்படி செய்தவள் நான்தான். இதை வைத்து அவளுக்கு ஆய்வேடு திரும்பக் கிடைக்கும் என்றால் கிடைக்கட்டும். நான் அதற்காக எழுதவில்லை. அந்த ஐந்தாம் படி என் கவனக்குறைவு என்று உங்கள் கோப்பில் நிற்கக்கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இதில் எங்காவது தவறு இருந்தால் தயங்காமல் சொல்லலாம். தவறைச் சுட்டிக்காட்டினால் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

ப. சௌந்தரம்