ரத்தம் கொடுத்த மாடு

பச்சைப் பால் குடிக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது, டாக்டர். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. என் கொட்டகையில் இப்போது இரண்டாவது மாடும் குறைமாதத்தில் கன்று வீசிவிட்டது, நீங்களும் நேரில் வந்து கேட்கிறீர்கள். அதனால் மறைக்காமல் சொல்கிறேன். போன வருஷம் நீங்கள் ரத்தம் எடுத்தது புது மாட்டிடம் இல்லை. என் பழைய மாட்டிடம்.

மண்ணூரில் எங்கள் நிலம் கம்பெனிக்குப் போனபிறகு மாடுதான் எனக்குப் பிழைப்பு. ஒரகடத்து ஹாஸ்டல் பையன்களுக்கெல்லாம் என் பால்தான். நல்ல இனமாக ஒன்று சேர்க்கலாமென்று ஆந்திரா பக்கம் சந்தைக்குப் போனேன். சினை மாடு, மடி அவ்வளவு லட்சணம். கூட வந்த தரகர் தசரதன் காதோரமாய், "போன சினை தங்கலப்பா, கன்னு வீசிக்கீது. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு கெளப்பிக்கினு இருக்காத," என்றார். இருந்தும் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நீங்களோ, வெளியூர் மாட்டை ரத்தம் பார்க்காமல் கட்டக்கூடாது, கன்று வீச்சு நோய் மனிதருக்கும் தொற்றும், பச்சைப் பாலிலும் பரவும், கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் வந்த அன்று புது மாட்டைப் பின்கொட்டகைக்கு மாற்றிவிட்டு, அதே கறுப்பு வெள்ளையில் இருந்த பழையதை முன்னால் கட்டினேன். நோய் என்று தெரிந்தால் என் பாலை யார் வாங்குவார்கள்? ரிசல்ட் சுத்தமாக வந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

சினையின் ஏழாம் மாதம் அந்தப் புது மாடு கன்றை வீசியது. நஞ்சுக்கொடி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம், கிட்டப் போகவில்லை. எங்களிடம் பால் கறக்கிற அம்சவல்லியைக் கூப்பிட்டேன். கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டாகியிருந்த பெண். கைராசிக்காரி. வெறுங்கையாலேயே கொடியை இழுத்தெடுத்தாள்.

அதைக் குழிவெட்டிப் புதைத்திருக்க வேண்டும். ஆனால் கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டினால் பால் பெருகும் என்பது எங்கள் ஊர் வழக்கம். "கன்னுதான் பூடுச்சு, கொடியையாவது மரத்துல கட்டிட்டு வரேண்ணா. மண்ணுல போட்டா பால் எறங்காது," என்றாள். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். "பார்த்துப் போம்மா," என்றேன். ஈரம் சொட்டச் சொட்ட இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

அப்புறம் அவளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். வயிற்றுப் பிள்ளை கலைந்துபோனது. "நான் இன்னாண்ணா பாவம் பண்ணேன்?" என்று என்னிடம்தான் வந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மனசு கேட்காமல், ஒரு ஆறுதலாக இருக்கட்டுமென்று அந்த மாட்டையே அவளுக்குச் சும்மா கொடுத்தேன். என் கொட்டகையில் வைத்திருக்கவும் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலிலேயே கட்டி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறாள். மாடு மறுபடியும் சினை. அவளும் முழுகாமல் இருக்கிறாள்.

என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், டாக்டர். அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், வயிற்றுப்பிள்ளைக்காரி, தாங்கமாட்டாள்.